படத்தின் முதுகு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்குகிற கண்ணாடி போட்ட படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பேன். ஆணி பெயர்ந்துவிடுமோ, பின்னால் ஒளிந்திருக்கும் பல்லி தலைமேல் விழுமோ என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. படத்தின் முகத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். அதன் முதுகைப் பார்த்தால்தான் அது யார், எந்த ஊரில் எடுத்தது, எதற்காக எடுத்தது என்பதெல்லாம் தெரியவரும்.

நம் பழைய வீடுகளில் அந்த முதுகு ஊமையாக இருந்ததில்லை. ஸ்டூடியோக்காரரின் ரப்பர் முத்திரை ஒன்று இருக்கும். அதற்குக் கீழே, வீட்டில் எழுதத் தெரிந்த யாரோ ஒருவர் கையெழுத்தில், ‘சின்னத் தாத்தா, கல்யாணத்துக்கு மறுநாள், கடலூர்’ என்று ஒரு வரி இருக்கும். இறந்து போனவர் படமென்றால் முகப்பிலேயே பெயரெழுதி, ‘தோற்றம்’ என்று ஒரு தேதியும் ‘மறைவு’ என்று ஒரு தேதியும் போட்டு, கண்ணாடிக்கு மேலே குங்குமப் பொட்டும் வைத்திருப்பார்கள். சாமி படத்துக்குக்கூட அடியில் பெயர் அச்சடித்து வைக்கிற ஜனங்கள் நாம். முருகனை முருகன் என்று தெரியாதவன் இந்த நாட்டில் எவன் இருக்கிறான்? இருந்தும் அச்சடித்தார்கள். படம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பெயர் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது யாரும் சட்டம் போடாமலே நாம் கடைப்பிடித்து வந்த மரியாதை.

அந்த மரியாதைக்குப் புதுச்சேரியில் கேடு வந்திருக்கிறது என்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஊருக்கு இன்னொரு முகம் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே கிடைக்கிற விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வண்டி வண்டியாய் மனிதர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்காகத் தோட்டத்து முற்றங்களிலும் மண்டபங்களிலும் கைவினைச் சந்தைகள் போடுவார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மை, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, கையால் செய்த காகிதம், தோல் பை எல்லாம் கிடைக்கும். இவையெல்லாம் செய்தவன் கையிலிருந்து வாங்குகிறவன் கைக்குப் போகிற சரக்குகள். எனக்கு ஆட்சேபம் இல்லை. இவற்றோடு சமீப காலமாய்ச் சட்டம் போட்ட நிழற்படங்களும் மேஜைமேல் ஏறியிருக்கின்றன. என் ஆட்சேபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் படங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சுவர் ஜாதி. டூமாஸ் வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ ஒரு மஞ்சள் சுவர், அதில் ஒரு நீலக் கதவு, மேலே ஒரு காகிதப்பூக் கொடி, கீழே சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு ஊர் இருப்பதாகவே இந்தப் படக்காரர்களுக்குத் தெரியாதோ என்று கேட்கத் தோன்றும். போகட்டும். சுவருக்கு மானம் அவமானம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து விற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, மனித ஜாதி. வலை பின்னுகிற கிழவர், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற கிழவி, நேரு வீதி ஓரத்தில் பூத் தொடுக்கிற பெண், வண்டியிலேயே தூங்கிப்போன ரிக்ஷாக்காரர். இவர்களுடைய படங்களுக்கு அடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் ‘உழைப்பு’ என்றோ, ‘முதுமை’ என்றோ, ‘காலம்’ என்றோ ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும். நம் இலக்கணத்தில் பெயர்ச்சொல் ஆறு வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தனக்கென்று ஒரு பெயரோடு பிறந்து வளர்ந்த ஒரு மனுஷியை ஒருவர் தொழிற்பெயர் ஆக்குகிறார். இன்னொருவர் பண்புப்பெயர் ஆக்குகிறார். மூன்றாமவர் காலப்பெயரே ஆக்கிவிடுகிறார். அவளுக்கு அவள் அப்பன் ஆத்தா வைத்த பெயர் என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை. என் வீட்டுக் கூடத்திலேயே இது நடந்தது. என் தங்கை மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிடுவான். போன வருஷம் அவனும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து விடுமுறைச் சந்தையில் ஒரு மேஜை வாடகைக்குப் பிடித்தார்கள். நவம்பர் மாதம், அடைமழை. அவன் தங்கியிருந்த அறை ஒழுகியது. நாற்பது படங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு வந்து, “மாமா, பத்து நாளைக்கு உங்க கூடத்தைக் குடுங்க. நீங்களும் கூட இருந்தா நல்லாருக்கும்” என்றான்.

‘கூட இருந்தால்’ என்பதற்கு அர்த்தம் உண்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் தெருவிலிருந்த படம் சட்டம் போடுகிற கடையில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த வேலை எனக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

சட்டம் போடுவது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள், அதிலும் கடலோர ஊரில். அச்சிட்ட படத்தை அன்றைக்கே கண்ணாடிக்குள் அடைத்தால் மையிலுள்ள ஈரம் உள்ளேயே நின்று கண்ணாடியில் புகைபோலப் படியும். ஒன்றிரண்டு நாள் ஆற விட வேண்டும். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஈரக் காற்றில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதற்காகத்தான் நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையை வைக்கிறோம். அது அழகுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டை மட்டரகமாய் இருந்தால் அதிலுள்ள அமிலம் நாலைந்து வருஷத்தில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும். பின்னால் பழைய செய்தித்தாளைத் திணிக்கிறவன் படத்துக்குச் சத்துரு. மரச்சட்டத்தின் நாலு மூலையும் 45 டிகிரிக்குப் பிசகாமல் அறுபட வேண்டும். ஒரு மூலையில் மயிரிழை பிசகினால் எதிர்மூலையில் வாய் பிளக்கும். கடைசியில் பின்பலகையைச் சுற்றிலும் காகித நாடா ஒட்டி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசியும் இராமபாணப் பூச்சியும் குடியேறிவிடும்.

அடைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால் எழுத வேண்டும். பேனா கூடாது, மை முன்பக்கம் கசியும். பால்பாயின்ட் கூடாது; அழுத்தினால் முன்பக்கம் தடிப்பாகத் தெரியும். கடைக்கார முதலியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. நான் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு முதல் படத்தைக் கையில் எடுத்தேன்.

“இது யாரு?”

“மீன் விக்கிற பாட்டி, மாமா.”

“அது எனக்கே தெரியுது. பேரு என்ன?”

“பேரெல்லாம் எங்க மாமா கேட்டேன்?”

அடுத்த படம், அதற்கடுத்த படம். நாற்பதில் மனிதர்கள் இருந்தவை பதினேழு. பதினேழில் ஒருவர் பெயரும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த லென்ஸில் எடுத்தான் என்பதெல்லாம் நொடிவரைக்கும் சுத்தமாய்க் கேமராவில் பதிவாகியிருந்தது. கண்ணாடிச் சில்லுக்குப் பெயரும் நம்பரும் உண்டு. எதிரே நின்ற ஆளுக்கு இல்லை! நான் பென்சிலைக் கீழே வைத்தேன். “பேர் தெரியாத படத்துக்கு நான் ஆணி அடிக்க மாட்டேன்” என்றேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க எங்களுக்குள் சண்டை. அவன் தரப்பில் அவன் மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற அநேகர் இதே நியாயங்களைத்தான் சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நியாயம்: ‘கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும்.’ வாஸ்தவம். கேட்ட உடனே அந்தம்மாள் தலையைக் கோதிக்கொண்டு ராணுவச் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிற்பாள். சரி, எடுத்துவிட்டுக் கேளேன்! ஏப்ரலில் எடுத்த படத்தை டிசம்பரில் விற்கிறாய். நடுவில் எட்டு மாதம் இருக்கிறது. வைத்திக்குப்பம் என்ன வடதுருவத்திலா இருக்கிறது? கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு வடக்கே நடந்தால் வந்துவிடும்.

இதே புதுச்சேரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு நிழற்படக் கலைஞரைத்தான் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் குலதெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர் 1950 ஏப்ரலில் இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். பல வருஷங்களாகத் தம்மைப் படமெடுக்க அரவிந்தர் இடம் கொடுத்திருக்கவில்லை. எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் நொடியில் சுட்டுவிடுகிற சாமர்த்தியத்துக்கு உலகப் பேர் வாங்கியவர்தான் கார்த்தியே-பிரெஸ்ஸோன். அப்படிப்பட்டவர் இங்கே அனுமதி கேட்டு, அது கிடைத்த பிறகே அந்த அறைக்குள் கேமராவோடு நுழைந்தார். அந்த வருஷமே டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். கேட்டு எடுத்ததால் அந்தப் படங்களின் கலை குறைந்துபோயிற்றா? இன்றைக்கும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, கேட்கிற வழக்கம் கலைக்குப் புறம்பானதில்லை. பெரியவரிடம் கேட்கிறோம், மீன்காரியிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான். இதற்குப் பெயர் கலையா, அந்தஸ்துப் பார்ப்பதா?

பாரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908-லிருந்து 1918 வரை இந்த ஊரில் இருந்தவர். அவருடைய நிழற்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் எங்கே எடுத்தது, பக்கத்தில் நிற்பது யார், எந்த வருஷம் என்று நம்மவர்கள் எத்தனை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்! நியாயம்தானே? செயிண்ட் லூயி வீதியில் 1955-லிருந்து இருக்கிற பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் சிற்பங்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூர்த்தி என்று குறித்து வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு விலாசம் இருக்கிறது. அதே நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 1880-லிருந்து 1980 வரைக்குமான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படங்கள் அவை. அப்படிப் பழைய படத்தோடு உட்காருகிறவன் எவனும் முதலில் தேடுவது முதுகில் ஒரு வரி இருக்கிறதா என்றுதான். இருந்தால் அது ஒரு குடும்பம். இல்லாவிட்டால் வெறும் முகம். இன்றைக்கு நாம் பெயரெழுதாமல் அடைக்கிற ஒவ்வொரு சட்டமும் நாளைக்கு வரப்போகிறவனுக்கு நாம் விட்டுப்போகிற வெறும் முகம்.

இரண்டாவது நியாயம்: ‘சட்டம் தடுக்கவில்லையே!’ இதைச் சொன்னவன் என் மருமகனின் சிநேகிதன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுவாகப் படத்துக்குச் சொந்தக்காரன் எடுத்தவன்தான். 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அவன் ஆயுளுக்கும் அதற்குமேல் 60 வருஷத்துக்கும் அந்த உரிமை நிற்கும். படத்தில் இருப்பவர் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் வேறு கதை. கல்யாணப் படத்துக்கு அது பொருந்தும். மீன்காரி காசு கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை. ஆகவே அவள் முகத்தின் படம் அவளுக்குச் சொந்தமில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்ட உலகத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பத்திரிகை வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரம் போன்ற காரியங்களுக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையில் கைவைப்பது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். சந்தையில் விற்கிற படம் இதற்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். எனக்கு வேறொன்று சொல்ல இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் பிரெஞ்சுப் பெருமை பேசுவோம். பிரெஞ்சு வீடு, பிரெஞ்சு ரொட்டி, பிரெஞ்சுத் தெருப்பெயர். பிரெஞ்சுக்காரன் இந்த விஷயத்தில் என்ன செய்தான் தெரியுமா? ராஷெல் என்று பாரிஸில் ஒரு பெரிய நடிகை. 1858 ஜனவரியில் இறந்துபோனாள். மரணப் படுக்கையில் கிடந்த அவளைக் குடும்பத்தார் தங்களுக்கென்று படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து வரைந்த சித்திரம் வெளியே விற்பனைக்கு வந்தது. தமக்கை கோர்ட்டுக்குப் போனாள். அந்த வருஷம் ஜூன் மாதமே தீர்ப்பு வந்தது: குடும்பத்தின் சம்மதமில்லாமல் அந்த முகத்தை ஊருக்குக் காட்ட ஒருவருக்கும் உரிமை இல்லை, சித்திரங்களைப் பறிமுதல் செய். நிழற்படம் பிறந்து இருபது வருஷம்கூட ஆகாத காலம் அது! அன்றைக்கு முளைத்ததுதான் பிரெஞ்சு நாட்டில் இன்றைக்கு ‘உருவத்தின்மேல் உரிமை’ என்று வழங்குகிற கோட்பாடு. பிரெஞ்சுக்காரனிடமிருந்து மஞ்சள் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டோம். இந்த நாகரிகத்தை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம்.

மூன்றாவது நியாயம் எனக்கென்றே வைத்திருந்தது. “மாமா, நீங்க கதை எழுதறீங்களே! தெருவுல பாக்கற ஆளையெல்லாம் கதையில போட்டுட்டு அவங்ககிட்ட கேக்கறீங்களா?”

குத்து சரியான இடத்தில்தான் விழுந்தது. கேட்பதில்லைதான். ஒருவருடைய மூக்கை இன்னொருவர் முகத்தில் வைத்து, மூன்றாமவர் பேச்சை அவர் வாயில் போட்டு, நாலாவது ஆளின் ஊரில் குடியேற்றுகிறேன். அது திருட்டே ஆனாலும், உரியவன் வந்து நின்றால் தன் பொருள் எது என்று பிரித்தெடுக்க முடியாது. நிழற்படத்துக்கு அந்த வசதி கிடையாது. அது ஆளை ஆளாகவே எடுத்துக்கொண்டு வருகிறது. அதன் பலமே அதுதான். அந்தப் பலத்துக்குக் காசு வாங்குகிறவன் அதற்குரிய கடனையும் கட்டத்தான் வேண்டும். ஒருமுறை என் கதையில் ஒருவரை முழுசாக அடையாளம் தெரிகிற மாதிரி எழுதிவிட்டேன். அவர் அதன்பிறகு என்னைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிப் போவார். அந்த வெட்கத்தை அனுபவித்தவன் என்ற யோக்கியதையில்தான் பேசுகிறேன்.

நாலாவது நியாயம்: ‘இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?’ இதற்குத்தான் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிறார்கள். 1936-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் ஒரு பட்டாணித் தோட்டத்து முகாமில், டாரதியா லாங் என்ற அம்மாள் ஒரு ஏழைத் தாயைப் படம் எடுத்தாள். இரண்டு குழந்தைகள் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அவளுக்கு வயது 32 என்று எழுதிக்கொண்ட லாங், பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அவளைக் கூப்பிட்டது. பிளாரன்ஸ் தாம்சன் என்ற அவள் பெயர் வெளியே வர 1978 ஆயிற்று: 42 வருஷம்! தன் படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்ற கசப்பு அவளுக்குக் கடைசிவரை இருந்தது. 1983-இல் அவள் நோயில் விழுந்தபோது சிகிச்சைக்குப் பிள்ளைகள் ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. லாங் நல்லவள்தான், ஏழைகளுக்கு உதவி கிடைக்கவே அந்தப் படத்தை எடுத்தாள். நல்லவர்கள் பெயர் கேட்க மறந்தாலே இவ்வளவு என்றால், விடுமுறைச் சந்தையில் கடை போடுகிற நாம் எம்மாத்திரம்?

சண்டை போட்டு ஓய்ந்தபிறகு மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பதினேழு படங்களையும் சின்னதாக அச்சிட்டு ஓர் உறையில் போட்டுக்கொண்டு நானும் அவனும் கிளம்பினோம். பெரிய மார்க்கெட், நேரு வீதி, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று மூன்று நாள் அலைந்தோம். பதினொரு பேர் கிடைத்தார்கள். படத்தைக் காட்டியதும் சிரித்தவர்கள்தான் அதிகம். ஒரு பூக்காரம்மாள் பக்கத்துக் கடைக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, “இன்னொண்ணு குடு தம்பி, எம் பொண்ணு பாக்கட்டும்” என்றாள். இரண்டு பேர் மறுத்தார்கள். அதில் ஒருத்தி சொன்னது: “இந்தக் கந்தப் பொடவையோடவா என்னைக் கொண்டுபோய்ப் பணக்காரங்க வூட்டுல மாட்டப் போற? வேண்டாம்பா. வெள்ளிக்கிழமை நல்ல பொடவை கட்டிக்கிட்டு வரேன், அப்ப எடு.” அவன் ‘உழைப்பு’ என்று பெயர் வைத்திருந்தது அவளுக்குத்தான். அவளுக்கோ அது உழைப்பாகத் தெரியவில்லை. கந்தல் புடவையாகத் தெரிந்தது. யார் சொல்வது சரி? முகம் அவளுடையது. அவள் சொல்வதுதான் சரி.

வலை பின்னுகிற கிழவரைத் தேடி வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் ஆடி மாதமே இறந்துபோயிருந்தார். உள்ளே சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருந்தது. வாக்காளர் அட்டையிலிருந்த கட்டைவிரல் அகலப் படத்தைப் பெரிசு பண்ணி மாட்டியிருந்தார்கள். கண் எது, புருவம் எது என்று தெரியாமல் கலங்கிப்போயிருந்தது. குடும்பத்துக்கு வேறு படம் கிடைக்கவில்லை.

மருமகன் உறையிலிருந்த படத்தை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்தான். வலை மடியில், நூல் பல்லில், காலை வெயில் முகத்தின் ஒரு பக்கம். அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். “இது எப்ப எடுத்தது?” என்று கேட்டாள்.

அதுதான் அவனுக்கு நொடி சுத்தமாய்த் தெரியுமே! “மே மாசம் 9-ஆம் தேதிம்மா. காலைல ஆறே முக்கால்.”

“தடைக் காலம்” என்றாள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடிக்கத் தடை. அப்போதுதான் வலை வேலையெல்லாம் நடக்கும். “ஆமா, அப்ப நல்லாத்தான் இருந்தாரு.” பிறகு முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக்கொண்டே, “எவ்வளவு தரணும் தம்பி?” என்றாள்.

நாங்கள் அதை அவளுக்கு விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் படத்துக்கு என் கூடத்தில் ஏற்கெனவே சீட்டு எழுதியாகிவிட்டிருந்தது: ‘காலம்’, 2,400 ரூபாய். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே நல்ல படம், அவர் பெயரையே கேள்விப்படாத யாரோ ஒருவருடைய வரவேற்பறைக்குப் போகக் காத்திருந்தது. நாங்கள் மட்டும் அன்றைக்கு நடந்திருக்காவிட்டால் போயும் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி இருந்ததிலேயே நல்ல மரமாகப் பார்த்து அவனே அறுத்துச் சட்டம் போட்டான். முதுகில் நான் பென்சிலால் எழுதினேன். முகப்பில் தோற்றமும் மறைவும் எழுதுவித்தோம். அவர் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. படத்தின் முதுகில் எழுதிக்கொள்ளத்தான் அவர்கள் சம்மதம் கொடுத்தார்கள். என் கட்டுரையில் போட யாரும் சொல்லவில்லை.

ஆகவே, விடுமுறைச் சந்தைக்குப் படம் தயார் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது சின்ன விஷயம். மவுண்ட் அட்டைக்கும் கண்ணாடிக்கும் காட்டுகிற அக்கறையில் கால் பங்கை எதிரே நின்ற மனிதருக்குக் காட்டுங்கள். சட்டத்தை அடைக்கும் முன் முதுகில் நாலு செய்தி எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார். பெயர் தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விற்காதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் படம் அடுத்த டிசம்பர் வரை காத்திருக்கட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பிரதி அந்த வீட்டுக்குப் போகட்டும். சின்னதாக அச்சிட ஒரு டீக்கும் பன்னுக்கும் ஆகிற காசுதான் ஆகும்.

இப்படிச் செய்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒன்பது படங்கள் குறைந்து 31 படங்களோடுதான் மேஜை போட்டான். பெயரெழுதிய எட்டில் ஆறு விற்றன. சுவர்கள் வழக்கம்போல் விற்றன. நஷ்டமில்லை, பெரிய லாபமும் இல்லை. பூக்காரம்மாள் படத்தைக் கையிலெடுத்த ஒரு பெங்களூர் அம்மாள் மட்டும், முதுகைத் திருப்பிப் படித்துவிட்டு, “பேர் தெரிஞ்சதும் யாரோ வீட்டுப் படம் மாதிரி இருக்கே” என்று கீழே வைத்துவிட்டுப் போனாளாம். அவன் அதைக் குறையாக என்னிடம் சொன்னான். எனக்கோ அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் கைகுலுக்க வேண்டும் போலிருந்தது. அது யாரோ வீட்டுப் படம்தான். அதைத்தானே இவ்வளவு நேரமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

வாங்குகிறவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் புதுச்சேரிக்கு வந்து அப்படி ஒரு மேஜைமுன் நின்றால், படம் பிடித்திருந்தால், விலை கேட்கும் முன்னால் என் கெட்ட பழக்கத்தைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். முதுகு வெறுமையாக இருந்தால், “இவங்க யாருங்க?” என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் முழித்தால், மஞ்சள் சுவர் படம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ச் சேருங்கள்.